வெயில் காலத்துக் கொல்லையும் அடுப்பும்

பினாங்கு, கெடா பக்கங்களில் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மழை குறைந்து வெயில் காய்கிறது. அந்நாட்களில் கொல்லைக் காய் முற்றி வீணாக, நம் வணிகச் சகோதரர்களோ பகலுணவைக் கடைத்தெருவில் காசு கொடுத்து முடித்துக்கொள்கிறார்கள். இது நமக்குச் சம்மதமில்லை.

வெண்டை பூத்த 5, 6 நாளில் காயைப் பறித்துவிட வேண்டும், பிந்தினால் நாராகிவிடும். பறிக்கப் பறிக்கத்தான் செடியும் காய்க்கும். முருங்கைக்கோ வெயில் ஒரு பொருட்டே அல்ல. கீரையைக் கழுவி உருவி, சின்ன வெங்காயம், பச்சை மிளகாயுடன் வேகவைத்து, இறக்கும் தறுவாயில் தேங்காய்ப்பால் ஊற்ற வேண்டும். பால் கொதித்தால் திரிந்துபோகும். எலுமிச்சை பிழிந்து உண்டால் கீரையின் இரும்புச் சத்து உடலில் நன்கு சேரும். இந்த ஆணமும் சோறும் சுட்ட கருவாடும் இருக்க, இறைச்சியைத் தேடுவானேன்?

கடைச் சிப்பந்திகளுக்கும் சேர்த்தே அனுப்பலாம். ஆனால் பகலுக்கு ஆக்கியதைப் பகலிலேயே தீர்த்துவிட வேண்டும்; தேங்காய்ப்பால் சேர்ந்த ஆணம் இந்த வெக்கையில் மாலைவரை தாங்காது.