மலேரியாவும் நம் குருதியிலுள்ள கொழுப்பும்

மலேரியா என்று தெரிந்தவுடன் நோயாளிக்கு எண்ணெய், பால், நெய் அனைத்தையும் நிறுத்திவிடலாமா என்று உடனிருப்போர் எங்களிடம் கேட்பதுண்டு. ஒட்டுண்ணி கொழுப்பை உண்டு வளர்கிறது என எங்கோ படித்ததே இக்கேள்விக்குக் காரணம். அவர்கள் படித்ததில் பாதி உண்மைதான்.

மூங்கில்துறைப்பட்டில் வாழ்வோருக்குத் தென்பெண்ணையாற்றை விளக்கத் தேவையில்லை. சாத்தனூர் அணையிலிருந்து வரும் நீர் வடிந்தபின் மணலில் தெளிந்த குட்டைகள் எஞ்சும். அனாஃபிலிஸ் குலிசிஃபேசிஸ் என்னும் மலேரியாக் கொசு முட்டையிடுவதற்கு இத்தகைய குட்டைகள் ஏற்றவை. கொசு கடிக்கையில் உட்புகும் ஒட்டுண்ணி முதலில் கல்லீரலிலும், பின்னர்ச் சிவப்பணுக்களிலும் பெருகுகிறது.

ஃபால்சிபாரம் வகை ஒட்டுண்ணி ஒரு சிவப்பணுவினுள் ஏறத்தாழ 48 மணி நேரத்தில் முப்பது சேய்கள் வரை ஈனக்கூடும். ஒவ்வொரு சேய்க்கும் ஒரு சவ்வு வேண்டும். சவ்வின் பெரும்பகுதி கொழுப்பே. கொலஸ்ட்ராலைத் தானே ஆக்கும் திறன் ஒட்டுண்ணிக்கு இல்லை. ஆகவே அதனையும், கொழுப்பு அமிலங்களில் பெரும்பகுதியையும் நம் குருதியிலிருந்தே அது கவர்ந்துகொள்கிறது.

அவ்வாறாயின் உணவில் கொழுப்பை நிறுத்தினால் அது பட்டினி கிடக்குமா? கிடக்காது. நாம் உண்ணாதபோது நம் உடல் தன் சேமிப்புக் கொழுப்பைக் கரைத்துக் குருதியில் விடுகிறது. மெலிவது நோயாளி மட்டுமே. மேலும், குருதியிலுள்ள லைசோஃபாஸ்பாட்டிடைல்கோலின் என்னும் கொழுப்புப் பொருள் குறையும்போது, ஃபால்சிபாரம் ஒட்டுண்ணிகளில் மிகுதியானவை கொசுவுக்குள் செல்லத்தக்க பாலின வடிவமாக மாறுவதை 2017இல் வெளியான ஆய்வு காட்டிற்று. வீட்டில் உணவு குறையும்போது, அது வெளியேற வழி தேடுகிறது போலும்!

ஒட்டுண்ணிக்குச் சொந்தமான கொழுப்பு ஆலை ஒன்றும் உண்டு. அதன் நொதியொன்றை டிரைக்ளோசான் தடுப்பதைப் பெங்களூருவின் நமிதா சுரோலியா, அவதேஷா சுரோலியா ஆகியோர் 2001இல் கண்டனர். பற்பசையிலும் சோப்பிலும் சேர்க்கப்பட்டுவந்த பொருள் அது. அதற்காகப் பற்பசையை விழுங்கிவிட வேண்டாம். அந்த ஆலையை நீக்கிய ஒட்டுண்ணிகளும் சிவப்பணுக்களில் நன்கு வளர்ந்ததை 2008 முதல் வெளிவந்த ஆய்வுகள் காட்டின. எலிகளில் ஆராய்ந்தபோது, கல்லீரலில் முதிரும் இறுதிக் கட்டத்திலேயே அந்த ஆலை இன்றியமையாததாக இருந்தது. குருதியில் காணும் ஒட்டுண்ணியும் கல்லீரலில் உள்ளதும் ஒரே மருந்துக்கு ஒரேவிதமாக அடங்குவதில்லை.

வைவாக்ஸ் வகையில் இவ்வேறுபாடு நோயாளியை நேரடியாகத் தொடுகிறது. குளோரோகுயின் மூன்று நாள்களில் குருதியைத் தூய்மைப்படுத்தும், காய்ச்சல் தணியும். கல்லீரலில் உறங்கும் ஒட்டுண்ணிகளோ எஞ்சியிருக்கும். அவற்றை அழிக்கவே பிரைமாகுயின் 14 நாள்களுக்குத் தரப்படுகிறது. காய்ச்சல் விட்டது என்று நான்காம் நாளே மாத்திரையை மறந்தவர்கள், வாரங்களோ மாதங்களோ கழித்து அதே குளிருடன் திரும்பிவருகிறார்கள். கருவுற்றோருக்கும் கைக்குழந்தைகளுக்கும் இம்மருந்து தரப்படுவதில்லை. ஆதலால் ஒருவருடைய மாத்திரையை மற்றவர் உண்ணலாகாது. ஜி6பிடி என்னும் நொதி குறைந்தவர்களுக்கு இது சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும். சிறுநீர் கருத்தால் மாத்திரையை நிறுத்தி உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

பிரைமாகுயினை வெறும் வயிற்றில் உண்டால் வயிறு வலிக்கும், உணவுக்குப்பின் உண்க. ஆர்ட்டிமெதர்–லூமிஃபேன்ட்ரின் பெறுவோர் ஒவ்வொரு வேளையும் பாலுடனோ, சிறிது எண்ணெய் சேர்ந்த உணவுடனோ மாத்திரையை உண்ண வேண்டும். கொழுப்பு இருந்தால்தான் லூமிஃபேன்ட்ரின் குருதியில் போதிய அளவு சேரும்.