வட்டி வாங்கலாமா? ஒரு நீண்ட விவாதம்

வங்கிப் புத்தகத்தில் வட்டி பதியப்படும்போது இன்று பலரும் தம் மனச்சாட்சியைச் சோதிப்பதில்லை. ஆயினும் கடனுக்கு வட்டி கேட்கலாமா என்ற கேள்வி, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அறிஞர்களைப் பிரித்து வைத்த ஒன்றாகும்.

கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில் வட்டியை இயற்கைக்கு மாறானது என்றார். கிரேக்க மொழியில் வட்டிக்கும் ஈன்ற குட்டிக்கும் ஒரே சொல். உயிருள்ளவை ஈனும், பணம் ஈனுமா என்பதே அவர் வாதத்தின் சாரம். (வட்டி குட்டி போடுகிறது என்று நம்மவரும் சொல்வதுண்டு!)

13ஆம் நூற்றாண்டில் புனித தோமஸ் அக்குவினாஸ் வேறு வழியாக வந்தார். வீட்டை வாடகைக்கு விடலாம். குடியிருந்த பின்னும் வீடு இருக்கும். திராட்சை இரசமோ குடித்தால் முடிந்துவிடும். இரசத்திற்கு ஒரு விலையும் அதைக் குடிப்பதற்கு இன்னொரு விலையும் கேட்பது ஒரே பொருளை இருமுறை விற்பதாகும். பணமும் அத்தகையதே, செலவழிப்பதே அதன் பயன். கடன் கேட்டு வந்தவர்களுள் பலர் விளைச்சல் பொய்த்த ஏழைகள் என்பதை நினைத்தால் இவ்வாதத்தின் வலு விளங்கும்.

ஆனால் கடன் கொடுத்தவனுக்கு நட்டம் நேர்ந்தால்? அதற்கு ஈடு கேட்கலாம் என்று தோமஸே ஒப்புக்கொண்டார். வரக்கூடிய இலாபம் கைதவறியதற்கு ஈடு கேட்க அவர் இசையவில்லை. பின்வந்தோர் அதற்கும் இடமளித்தனர். வணிகம் பெருகப் பெருக இச்சிறு வாசல் அகன்றது. 1462இல் இத்தாலியின் பெரூஜியாவில் பிரான்சிஸ்கன் துறவிகளின் தூண்டுதலால் ஏழைகளுக்கான அடைவு நிலையமொன்று எழுந்தது. இத்தகைய நிலையங்கள் செலவுக்காகச் சிறு வட்டி பெற்றதை டொமினிக்கன் துறவிகள் சிலர் கடுமையாக எதிர்த்தனர். 1515இல் ஐந்தாம் இலாத்தரன் பொதுச்சங்கம் அதனை அனுமதித்தது.

சந்தைச் சுதந்திரத்தின் தந்தை எனப்படும் அடம் ஸ்மித், 1776இல் வட்டிக்குச் சட்ட வரம்பு வேண்டுமென்றே எழுதினார். பலர் அறியாத செய்தி இது. அன்று இங்கிலாந்தில் வரம்பு 5 வீதம். அது 8, 10 வீதமானால் பணமெல்லாம் ஊதாரிகளிடமும் ஆகாயக்கோட்டை கட்டுவோரிடமும் போகும் என்று அவர் அஞ்சினார். 1787இல் ரஷ்யாவிலிருந்து எழுதிய கடிதங்களில் ஜெரமி பெந்தம் இதை மறுத்தார். புதியன படைப்போர் எல்லோரும் தொடக்கத்தில் ஆகாயக்கோட்டைக்காரராகவே தோன்றுவர். அவர்களுக்குக் கடன் கிடையாவிட்டால் முன்னேற்றம் ஏது?

கூர்மையான பதில்தான். ஆனால் அது தொழில் தொடங்குவோனுக்குப் பொருந்தும். பிள்ளையின் மருந்துக்குக் கடன்படுவோனுக்குப் பொருந்தாது. 1854இல் இங்கிலாந்து வரம்பை நீக்கியது. 1900இலோ, கொடிய வட்டி ஒப்பந்தங்களை மீண்டும் ஆராய நீதிமன்றங்களுக்கு அதிகாரம் கொடுக்க வேண்டியதாயிற்று.

1936இல் கெயின்ஸ் பழைய இறையியலாளர் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர்கள் போதனை அபத்தமென்றே தமக்குக் கற்பிக்கப்பட்டதாகவும், முதலீடு தழைக்க வட்டியைத் தாழ்த்தி வைக்க அவர்கள் செய்த நேர்மையான முயற்சியாகவே அது இப்போது தெரிவதாகவும் எழுதினார்.