மாடி ஏறினால் இடுப்பு பெருக்குமா?

காலேஜ் ப்ராஜெக்டுக்கு உடல் அளவு எடுக்கப் போகிறீர்களா? உயரம், எடை பற்றி நான் நீட்டப் போவதில்லை. செருப்பைக் கழற்றி, உச்சிக் கொண்டையை அவிழ்க்கச் சொல்லுங்கள். எடை மெஷின் சமமான தரையில் இருக்கட்டும். மெஸ்ஸுக்குப் போகுமுன் காலையிலேயே அளந்துவிடுங்கள். சாயங்காலத்துக்குள் உயரமே ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் குறையும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி, ஒப்புதல் கையெழுத்து இரண்டும் கைக்கு வராமல் டேப்பைத் தொடாதீர்கள். இவ்வளவுதான்.

என்னையும் என்னோடு ப்ராஜெக்ட் செய்த தோழியையும் கவிழ்த்தது இடுப்புச் சுற்றளவு.

உலக சுகாதார நிறுவன முறையில், கைக்குத் தட்டுப்படும் கடைசி விலா எலும்பின் கீழ் ஓரத்துக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நட்டநடுவே டேப் போகவேண்டும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவன முறையில் அந்த விளிம்பை ஒட்டியே. விளையாட்டுத் துறையினரோ உடல் மிகவும் குறுகும் இடத்தைப் பார்ப்பார்கள். ஒரே பெண்ணுக்கு மூன்று எண் வரும். நம் ஊர்ப் பெண்களுக்கு 80 செ.மீ. எட்டினாலே ஆபத்துக் கணக்கு என்பதால், டேப் இரண்டு விரல் இறங்கினால் போதும், நல்லாயிருக்கிறவளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுவாள்.

அதனால்தான், ஹாஸ்டல் மாணவிகளை அளக்கப் போகுமுன் வகுப்பிலேயே சிலரை நாங்கள் இருவரும் தனித்தனியாக அளந்து ஒப்பிட்டுப் பார்க்கிறோம் என்று கைடிடம் கெஞ்சினேன். “டேப்பைச் சுத்துறதுக்கு ட்ரெய்னிங்காம்மா? டெய்லர் என்ன டிகிரி வாங்கிட்டா அளக்குறாரு?” என்றார். ஃபாரத்தில் ‘அளந்தவர் பெயர்’ என்று நான் போட்டிருந்த கட்டத்தையும் இடத்தை அடைக்கிறது என்று அடித்துவிட்டார்.

ஹாஸ்டலில் முதல் மாடி எனக்கு, இரண்டாம் மாடி தோழிக்கு. அவள் சுடிதார் நாடா கட்டுமிடத்தில், துணிக்கு மேலேயே சுற்றியிருக்கிறாள். அதுவும் தையல் டேப். ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர். நடுநடுவே 29, 31 என்று எழுதி வைத்திருந்தாள். அங்குலத்தை 2.54-ஆல் பெருக்கிவிடலாம். நாடாவை எதால் பெருக்குவது?

டிபார்ட்மென்ட் ரிவ்யூவில் ஒரு மேடம் அட்டவணையைப் பார்த்துவிட்டு, “மாடி ஏற ஏற இடுப்பு பெருக்குமா?” என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள், கைடு உட்பட. ஒவ்வொரு ஃபாரத்தின் ஓரத்திலும் நான் பென்சிலில் முதலெழுத்து போட்டு வைத்திருந்ததால் யார் அளந்தது எதுவென்று பிரிக்க முடிந்தது. அவள் பங்கை அப்படியே நீக்கினேன். சாம்பிள் குறைவு என்று மார்க்கில் கை வைத்தார்கள். வைக்கட்டும். மிச்சமிருந்த எண்ணுக்கு நான் பதில் சொல்லுவேன்.

நீங்கள் நீளாத டேப்பாக வாங்குங்கள். விலா, இடுப்பெலும்பு இரண்டையும் விரலால் தடவிக் கண்டுபிடித்து, நடுவில் பேனாவால் புள்ளி வையுங்கள். மாணவிகளைப் பெண்தான் அளக்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. அவர்கள் வயிற்றை எக்காமல், இயல்பாக மூச்சை விட்டு முடிக்கும்போது படியுங்கள். இரண்டு தடவை எடுங்கள், 1 செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் இரண்டையும் அடித்துவிட்டு முதலிலிருந்து அளந்து பாருங்கள். ஒருத்தி மட்டும் அளக்கட்டும், மற்றவள் எண்ணைத் திருப்பிச் சொல்லி எழுதட்டும். மனஸ்தாபம் வருமென்று வேலையைப் பாதிப் பாதியாகப் பிரிக்காதீர்கள். பிரித்த எங்களுக்குள் இப்போது பேச்சுவார்த்தையே இல்லை.

இந்த வருட ஜூனியர்களுக்கும் அதே ஃபாரத்தைத்தான் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருக்கிறார்களாம். பெயர்க் கட்டம் இருக்காது. பேனாவால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.