நின்ற இடத்திற்குச் சான்று

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்வோர், வானம் பார்த்த புன்செய் நிலங்களை வழிநெடுகக் காண்பர். மழை பொய்த்த ஆண்டில் அங்குள்ள உழவர்க்குப் பயிர்க் காப்பீட்டுத் தொகையே ஊன்றுகோல். இழப்பைக் கணிக்க மாதிரி வயலில் அறுவடை செய்து பார்ப்பவர், அவ்விடத்தின் குறிப்போடு படம் எடுத்துக் கைப்பேசி வழியே அனுப்புவர். அவர் அவ்வயலில்தான் நின்றாரா? செயற்கைக்கோள் கைப்பேசிக்கு இடத்தை உணர்த்துமேயன்றி, கைப்பேசி பிறர்க்குக் கூறுவது மெய்யென உறுதி தாராது. பொய்க் குறிப்பைப் புனைதல் எளிது.

ஒளியின் விரைவைக் கொண்டு இதனைச் சோதிக்கலாம். ஒருவன் இவ்விரண்டு ஊர்களுக்கும் நடுவே நிற்பதாகச் சொல்கிறான் எனக் கொள்வோம். இரண்டு ஊர்களிலிருந்தும் ஒரே சமயத்தில் அவனுக்குக் குறிப்புகள் செல்லும். இரண்டையும் சேர்த்தாலன்றி விடை கிட்டாது. விடையை அவன் இருபுறமும் உடனே அனுப்புதல் வேண்டும். ஒளி நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கிலோமீட்டர் செல்லும். ஊர்களின் இடைத்தொலைவு 15 கிலோமீட்டர் எனின், ஒரு நொடியின் 20,000-இல் ஒரு பங்கு நேரத்தில் விடை வந்து சேரும். வேறிடத்தில் நிற்பவனது விடை ஏதேனும் ஓர் ஊருக்குத் தாமதித்தே வரும்.

ஆயின், வஞ்சகர் இருவர் கூடினால்? நடுவிடத்திற்கு இப்பால் ஒருவனும் அப்பால் ஒருவனுமாக மறைந்து நின்று, தத்தமக்கு வந்த குறிப்பைப் படியெடுத்துக்கொண்டு மற்றவனுக்கும் அனுப்பிவிட்டால், இருவரும் உரிய காலத்தில் விடையளித்துவிடுவர். நடுவில் ஒருவரும் இரார்! இவ்வஞ்சனையை இத்தகைய எம்முறையாலும் தடுக்க இயலாது என்பதை, 2009-ஆம் ஆண்டில் நிஷாந்த் சந்திரன், விபுல் கோயல் என்னும் இந்திய அறிஞர்கள் அமெரிக்காவில் உடனாய்வாளர் இருவரோடு சேர்ந்து நிறுவினர்.

இங்கேதான் குவாண்டம் இயற்பியல் துணைக்கு வருகிறது. அறியாத நிலையிலுள்ள ஓர் ஒளித்துகளைப் படியெடுத்தல் இயலாது. 1982-இல் மெய்ப்பிக்கப்பட்ட உண்மை இது. ஓர் ஊர் ஒளித்துகளை அனுப்ப, மற்றோர் ஊர் அதனை எத்திசையில் அளத்தல் வேண்டும் என்பதை அறிவிக்கும். திசை அறியாமல் அளந்தால் துகளின் நிலை கலைந்துவிடும். துகளை வைத்துக்கொண்டால் மறுபக்கத்து வஞ்சகனுக்கு விடை இல்லை; அனுப்பிவிட்டால் தனக்கில்லை.

எனினும், தாம் கண்டதோடு அவ்வறிஞர்கள் அமைதியுறவில்லை. 2010-இல் வேறு சிலரோடு மீண்டும் ஆராய்ந்து, ஒன்றோடொன்று பிணைந்த துகள்களை வஞ்சகர் முன்கூட்டியே மிகுதியாகப் பகிர்ந்து வைத்திருப்பின் இதனையும் வெல்லலாம் எனக் காட்டினர். வினாவைச் சிக்கலாக்கினால் அவ்வாறு வேண்டப்படும் பிணைப்பும் பெருகும். அத்துணைப் பெருஞ்சேமிப்பைத் தாங்கும் கருவி இன்று எவரிடத்தும் இல்லை. ஒற்றை ஒளித்துகளை வழியில் இழவாமல் பல கிலோமீட்டர் கொண்டுசெல்லுதலும் சோதிப்போருக்கு அரிய செயலாகவே உள்ளது.