சோதனைப் பொறியும் ஒத்த விடையும்

பாலங்களையும் கொதிகலன்களையும் ஆக்குமுன், அவற்றிற்குரிய எஃகும் காங்கிரீட்டும் எத்துணைப் பளுவைத் தாங்கவல்லன என அறிதல் இன்றியமையாதது. அதனை அறிவிப்பன சோதனைப் பொறிகள். ஆயினும், ஒரே எஃகுத் தண்டினின்று வெட்டிய இரு துண்டுகளை ஒருவர் இன்றும் மற்றொருவர் நாளையும் சோதிக்க, விடைகள் பெரிதும் வேறுபடுமாயின் நாம் எதனை நம்புவது? இவ்வையத்தை நீக்கும் வழியை ஈண்டு ஆராய்வோம்.

1879-ஆம் ஆண்டு டிசம்பர் 28-ஆம் நாள் இரவு, ஸ்காட்லாந்தில் டே நதிப் பாலம் புயலில் வீழ்ந்தது. அதன்மேற் சென்ற ரயிலில் இருந்தோர் ஒருவரும் பிழைத்திலர். 1866 முதல் இலண்டனில் சோதனைச்சாலை நடத்திவந்த டேவிட் கிர்க்கால்டி என்பார் அப்பாலத்தின் உறுப்புகளைச் சோதித்தனர். குறுக்குக் கம்பிகளைத் தூண்களோடு பிணைத்திருந்த வார்ப்பிரும்புக் காதுகளிற் சில, எதிர்பார்த்த பளுவிற்கு வெகு குறைவிலேயே முறிந்தன. அவர்தம் சோதனைச்சாலை வாயிலில், ‘உண்மைகளே, அபிப்பிராயங்களல்ல’ என்னும் பொருளுடைய வாசகம் பொறிக்கப்பட்டுளது. பொறி கூறும் எண் உண்மையாதற்கு நாம் செய்யவேண்டுவன யாவை?

முதலாவது, துண்டின் ஆக்கம். அளவும் வடிவும் ஒத்திருத்தல் வேண்டும். வெட்டுங்கால் எஃகு மிகுதியாகச் சூடேறினும், மேற்பரப்பிற் கீறல் விழினும், விடை மாறும்.

இரண்டாவது, பொருத்தும் முறை. இழுவைத் துண்டு பிடிகளிற் கோணலாக நின்றால், இழுவையோடு வளைவும் சேர, அது தன் உண்மை வலிமையைக் காட்டாது முறிதல் கூடும். காங்கிரீட்டுக் கனத்துண்டையோ, அச்சின் பக்கங்களைத் தொட்டிருந்த வழுவழுப்பான முகங்கள் தட்டுகளிற் படியுமாறு வைத்தல் வேண்டும். கரணையால் தேய்த்த மேல்முகம் தட்டிற் படலாகாது.

மூன்றாவது, வேகம். விரைவாகப் பளுவேற்றினால் எஃகும் காங்கிரீட்டும் மிகுந்த வலிமையுடையன போலத் தோன்றும். ஆதலின் விதித்த வேகத்தை மாற்றலாகாது.

நான்காவது, உஷ்ணம். மோதற் சோதனையில் இது பெரிதும் கவனிக்கற்பாலது. வெதுவெதுப்பில் நெகிழ்ந்து கொடுக்கும் மெல்லெஃகு, கடுங்குளிரில் கண்ணாடிபோல் நொறுங்கும்.

இவையெல்லாம் செவ்வனே அமையினும் ஓரையம் எஞ்சும். விடைகள் தம்முள் ஒத்திருத்தல் வேறு. உண்மையோடு ஒத்திருத்தல் வேறு. கள்ளத் தராசு நூறு முறை நிறுத்தாலும் ஒரே நிறையையே காட்டும். அதனால் அது நேர்மையுடையதாகுமோ? ஆகவே, திட்டமான அளவைக் கருவியொடு பொறியை ஒப்பிட்டுச் சரிபார்த்தல் அவசியம். சர்வதேச விதியின்படி முதல்தரப் பொறி காட்டும் பளு நூற்றுக்கு ஒன்றுக்கு மேற் பிழைபடலாகாது. ஆண்டுதோறும் சரிபார்ப்பது நன்று. பொறியை இடம் பெயர்த்தாலும் பெரிதும் பழுதுபார்த்தாலும் மீண்டும் சரிபார்த்தே தீரவேண்டும்.

இறுதியாக மாணவர்க்கு ஒன்று கூறுவோம். மூன்று விடைகளில் ஒன்று மாறுபட்டால் அதனை அழித்துவிட மனம் உந்தும். துண்டிலேனும் முறையிலேனும் குற்றம் கண்டாலன்றி அதனைத் தள்ளுதல் தகாது. ஒருகால், பொருளின் குறையை நமக்கு உரைப்பது அவ்வோர் எண்ணே ஆகலாம். நாம் ஏட்டில் எழுதும் எண்ணை நம்பியே, நாம் அறியாத பலர் நாளை பாலத்தின்மேற் செல்வர்.