பாட்டியின் கைப்பக்குவமும் கணினிக் கோப்பும்

கைப்பக்குவம் என்பது கைக்குக் கை மாறி வரும் செல்வம். அதை எழுதி வைத்தால் மட்டும் போதாது. எழுதியதைப் பின்னாளில் படிக்கவும் தேடவும் முடிய வேண்டும். இதை நான் கற்றுக்கொண்ட விதத்தையே இங்குப் பாடமாகத் தருகிறேன்.

தோட்டத்தில் வாழ்ந்த என் பாட்டி சொல்லச் சொல்ல, அம்மா 2002ஆம் ஆண்டில் 43 சமையற்குறிப்புகளைக் கணினியில் தட்டெழுதிக் குறுந்தட்டில் பதிந்து வைத்தார். பாட்டி 2009இல் காலமானார். சென்ற தீபாவளிக்கு முன் அக்குறுந்தட்டைத் திறந்தேன். திரையில் தமிழே இல்லை. உரோமன் எழுத்துகளும் விநோதக் குறிகளும்தாம் இருந்தன. அம்மா ஒன்றும் பேசாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

காரணம் இதுதான். அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் பல, உரோமன் எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருந்தன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அடியிலுள்ள குறிகளே தெரியும். ஒருங்குறியில் தமிழுக்கென்று தனி இடம் உண்டு. ஆகவே எழுத்துரு மாறினாலும் எழுத்து மாறாது.

இனி நான் செய்தவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

1. மாற்றுதல்: பழைய கோப்பில் எழுத்துருவின் பெயர் பதிவாகியிருந்தது. அதைக் கொண்டு உரிய மாற்றியைத் தேடி, குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றினேன். மூலக் கோப்பை அழிக்கவில்லை. அம்மா வாசிக்க, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம்.

2. பெயரிடுதல்: ஒரு பதார்த்தத்திற்கு ஒரு கோப்பு. நம் நாட்டில் நெத்திலியை ஈக்கான் பிலிஸ் என்றும் தேடுவோம். எனவே இரு பெயர்களையும் கோப்பினுள் எழுதினேன். எழுத்துப்பிழையும் தேடலைக் கெடுக்கும். ‘சௌசௌ’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துத் தட்டினால் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும். கணினிக்கோ அது வேறு சொல்.

3. அளவு குறித்தல்: பாட்டியின் கணக்கு பால் டின்னும் கட்டியும் கைப்பிடியும். ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். பாட்டியின் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் கிராமை எழுதினேன். கைப்பிடிக்கு அம்மாவின் கையையே நம்பினேன். அவர் அள்ளிய காய்ந்த நெத்திலி தராசில் 28 கிராம் காட்டியது.

4. பாதுகாத்தல்: எளிய உரைக் கோப்பாகச் சேமித்து, மடிக்கணினியிலும் விரலியிலும் இணையச் சேமிப்பிலும் ஒவ்வொரு படி வைத்தேன். ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை திறந்து பார்ப்பதென்று முடிவு செய்துள்ளேன். குறுந்தட்டைத் திறக்காமலே வைத்திருந்ததுதான் நாங்கள் செய்த பிழை.

மீன் புளிக்கறிக் குறிப்பின் கடைசி வரியில் பாட்டி, “புளியைப் பார்த்துப் போடு” என்று மட்டும் சொல்லியிருந்தார். எவ்வளவு என்று கேட்க இன்று பாட்டி இல்லை. அம்மாவை அக்கறியை மூன்று முறை சமைக்கச் சொல்லி, ஒவ்வொரு முறையும் புளியை நிறுத்தேன். மூன்றாம் முறை ஒரு வாய் உண்டுவிட்டு, “இதுதான்” என்றார் அம்மா. அந்த அளவைத்தான் பாட்டியின் வரிக்குக் கீழே எழுதியிருக்கிறேன்.

நண்பர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பழைய நோட்டுப் புத்தகமோ குறுந்தட்டோ இருக்கக்கூடும். கேட்டால் சொல்ல ஆள் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.