ஊசிமுனையில் ஏமாந்த செல்

வெங்காய வேர்நுனியைச் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்திருப்பீர்கள். சில செல்களில் குரோமோசோம்கள் நடுக்கோட்டில் வரிசையாக நிற்கும். வேறு சிலவற்றில் இரு கூட்டமாகி எதிரெதிர் முனைகளை நோக்கிச் செல்லும். வரிசையில் நின்றவை புறப்பட வேண்டிய நேரம் இதுதான் என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

வெங்காயச் செல்லில் 16 குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வொன்றும் முன்பே இரட்டித்து, ஒட்டிய இரு குரோமாட்டிடுகளாக இருக்கும். கோஹீசின் என்னும் புரதம் வளையம்போல் இவ்விரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கிறது. இரு முனைகளிலிருந்தும் வரும் கதிர்க்கோல் இழைகள் சென்ட்ரோமியர் பகுதியைப் பற்றி இழுக்கின்றன. கயிறு இழுக்கும் போட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரு பக்கமும் இழுத்தால்தான் கயிறு விறைப்பாக நிற்கும். இரண்டு குரோமாட்டிடுகளையும் ஒரே முனை பற்றிவிட்டால் விறைப்பு இராது. அந்தப் பிடி விரைவில் நழுவிவிடும்.

இந்த விறைப்பைத்தான் செல் கவனிக்கிறதா? இதை அமெரிக்க விஞ்ஞானி புரூஸ் நிக்லஸும் அவருடன் பணிபுரிந்த லீ என்பவரும் சோதித்து, 1995இல் வெளியிட்டனர். அவர்கள் எடுத்துக்கொண்டது கும்பிடுபூச்சி. ஆண்பூச்சியின் விந்தணுக்களை உண்டாக்கும் செல்களில் மியாசிஸ் வகைப் பிரிவு நடக்கிறது. அதில் இணைசேர்ந்த குரோமோசோம்களே எதிரெதிராக இழுக்கப்படும். சில சமயம் ஓர் எக்ஸ் குரோமோசோம் இணை சேராமல் ஒரு முனையோடு மட்டும் நின்றுவிடும். மற்றவை எல்லாம் சரியாக இருந்தும், இந்த ஒன்றுக்காகச் செல் மணிக்கணக்கில் காத்திருக்கும்.

ஆய்வாளர்கள் மிக நுண்ணிய கண்ணாடி ஊசியால் அந்தக் குரோமோசோமை மறுபக்கமாக இழுத்துப் பிடித்தனர். ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் செல் பிரியத் தொடங்கியது! ஊசியின் இழுப்பை எதிர்முனையின் இழுப்பென்று அது எடுத்துக்கொண்டது. (உயிருள்ள செல்லைக் கிழிக்காமல் அவ்வளவு நேரம் பிடித்திருந்த பொறுமையையும் எண்ணிப் பாருங்கள்.)

சரியாகப் பற்றப்படாத குரோமோசோம் ஒன்று இருந்தாலும் அதிலிருந்து 'நில்' என்ற செய்தி போய்க்கொண்டே இருக்கும். அது ஓய்ந்ததும் செப்பரேஸ் என்ற நொதி விடுபட்டு, கோஹீசின் வளையங்களை வெட்டுகிறது. உடனே குரோமோசோம்கள் பிரிகின்றன.

இந்தக் காவலும் சில வேளைகளில் தவறுகிறது. டவுன் நோய்க்குறி உள்ளவர்களுக்குப் பொதுவாக 46க்குப் பதில் 47 குரோமோசோம்கள் இருப்பது 1959இல் பாரிஸில் கண்டறியப்பட்டது. கூடுதலானது 21ஆம் குரோமோசோம். பெரும்பாலும் இப்பிழை முட்டைச் செல்லில் நேர்கிறது. அச்செல்லின் பிரிவு தாய் பிறக்கும் முன்பே தொடங்கிப் பாதியில் நின்றுவிடும். பல ஆண்டுகளுக்குப் பின்னரே தொடரும். அத்தனை காலமும் கோஹீசின் வளையங்கள் பிடியை விடாதிருக்க வேண்டும். தாயின் வயது ஏற ஏற அவை தளர்கின்றன.